படம் கறுத்துப் போச்சு: விளம்பரப் படங்களின் வெளிச்சக் கோளாறுகளைத் திருத்தும் வழி

"தம்பி, பேஸ்புக்கில போட்ட படம் கறுத்துப் போச்சு, கொஞ்சம் வெளிச்சமாக்கித் தாங்க." கல்முனையில் எனது கடைக்கு வருகிறவர்கள் அதிகமாகச் சொல்வது இதுதான். காத்தான்குடி அபாயா, மருதமுனைச் சாறி, பாசிக்குடா விடுதி, படுவான்கரைத் தயிர் என்று சாமான் மாறும், முறைப்பாடு மாறாது. முன்பு உடனே பிரைட்னஸ் ஸ்லைடரை இழுத்துவிடுவேன். படத்தில் ஒரு பிழையும் இல்லாமல் பார்த்த போனில் பிழை இருந்து, நல்ல படத்தை நானே வெளுக்க வைத்த நாட்கள் சில உண்டு. இப்போது பிழை எங்கே நுழைந்தது என்று தெரியாமல் ஸ்லைடரில் கை வைப்பதில்லை.

உங்கள் படத்துக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், காசு கேட்கிற காரணம் பிறகு. ஒன்று மட்டும் எல்லாவற்றுக்கும் பொது: எடுத்த போனில் இருக்கிற மூலப் படம் கையில் வேண்டும். ஸ்கிரீன்ஷொட்டையோ, பேஸ்புக்கிலிருந்து இறக்கிய படத்தையோ வைத்துத் திருத்தத் தொடங்கினால் பாதி வேலை வீண்.

## என் போனில் பளிச்சென்று இருக்கிறது, மற்றவர்கள் போனில் இருட்டு

முதலில் போனைச் சோதியுங்கள். தானாகக் கூடிக் குறையும் வெளிச்சத்தை நிறுத்திவிட்டு, திரை வெளிச்சத்தைப் பாதியில் வையுங்கள். கண்ணுக்கு இதமான மஞ்சள் வெளிச்சம், ஐபோனென்றால் ட்ரூ டோன், நைட் ஷிப்ட் எல்லாவற்றையும் அணையுங்கள். சாம்சங்கில் திரை அமைப்பு 'விவிட்' என்று இருந்தால் 'நேச்சுரல்' ஆக்குங்கள். விவிட்டில் எல்லாப் படமும் கல்யாணப் பந்தல் மாதிரித்தான் தெரியும்.

பிறகு அதே படத்தை வேறு இரண்டு போன்களில் பாருங்கள். அதில் ஒன்று விலை குறைந்த போனாக இருக்கட்டும், கடைவாசலில் பகல் வெயிலில் வைத்துப் பாருங்கள். உங்கள் விளம்பரத்தைப் பார்க்கப்போகிறவர் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்துகொண்டு அப்படித்தான் பார்ப்பார். இரண்டிலும் சாமான் தெளிவாகத் தெரிந்தால் படத்தை விட்டுவிடுங்கள்.

இரண்டிலும் இருட்டாகவே இருந்தால் அடுத்த சந்தேகம் எச்டிஆர். புதிய ஐபோன்களும் சில அன்ட்ரொயிட் போன்களும் தாங்கள் எடுத்த படத்தைத் தங்கள் கலரியில் காட்டும்போது பிரகாசமான இடங்களுக்குக் கூடுதல் ஒளி கொடுக்கும். விளம்பரத்தில் ஏற்றும்போது அந்தக் கூடுதல் ஒளி பல இடங்களில் கழன்றுவிடும். ஐபோனில் செட்டிங்ஸ் போய், போட்டோஸ் பகுதியில் 'வியூ புல் எச்டிஆர்' என்பதை அணைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். சட்டென்று மங்கினால், மற்றவர்கள் இவ்வளவு நாளும் பார்த்தது அந்த மங்கலைத்தான். அதை வைத்தே திருத்துங்கள்.

கணினியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சோதனை: கதிரையில் இருந்தபடி தலையை மேலும் கீழும் அசையுங்கள். படம் வெளுத்துக் கறுத்து மாறினால் அது பழைய வகைத் திரை. அதில் பார்த்து வெளிச்சத்தைத் தீர்மானிக்காமல், முடிவைப் போனில் பார்த்து எடுங்கள். திரையை அளந்து சரிசெய்கிற கருவி வாங்குவதென்றால், அச்சு வேலையும் சேர்த்துச் செய்கிறவர்கள் வாங்கட்டும். பேஸ்புக்குக்காக மட்டும் அந்தச் செலவு தேவையில்லை.

## திருத்தும்போது நன்றாக இருந்தது, ஏற்றியபின் வேறு மாதிரி

அனேகமாக வட்ஸ்அப்தான் காரணம். கடைக்காரர் எடுத்து மகனுக்கு அனுப்ப, மகன் எனக்கு அனுப்ப, நான் திருத்தித் திரும்ப அனுப்ப, படம் ஒவ்வொரு முறையும் சுருங்கும். சுருக்கும்போது முதலில் போவது இருட்டான இடங்களிலுள்ள நுணுக்கம். அந்தப் படத்தை வெளிச்சமாக்கினால் நிழலெல்லாம் கட்டம் கட்டமாக வெடிக்கும். படமாக அனுப்பாமல் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காமல் வரும். 2023 இல் வந்த எச்டி தெரிவு முன்னதைவிட மேல், ஆனாலும் அதுவும் சுருக்கத்தான் செய்கிறது.

வழி சரியென்றால் நிற அமைப்பைப் பாருங்கள். பனர் அடிக்கிற இடத்திலிருந்து வாங்கிய கோப்பு அனேகமாக சீஎம்வைகே, அதாவது அச்சு மைக்கான நிற அமைப்பில் இருக்கும். அதை அப்படியே ஏற்றினால் சிவப்பு செத்துப்போகும், இல்லாவிட்டால் நிறமெல்லாம் தாறுமாறாகும். போட்டோஷொப்பில் எடிட் மெனுவில் 'கொன்வேர்ட் டு புரொபைல்' போய், திரைகளுக்கான பொது நிற அமைப்பான எஸ்ஆர்ஜீபி கொடுங்கள். பக்கத்திலேயே 'அசைன் புரொபைல்' என்று ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். அது நிறத்தை மாற்றித் தராது, பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும். ஐபோன் 7 முதல் ஐபோன்கள் எஸ்ஆர்ஜீபியைவிட விரிந்த நிறப்பரப்பில் படம் எடுக்கின்றன. அந்தப் படங்களுக்கும் இதே மருந்துதான்.

இதுவும் இல்லையென்றால் விளம்பர மெனேஜரைத் திறவுங்கள். 'அட்வான்டேஜ் பிளஸ் கிரியேட்டிவ்' என்ற பெயரில் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே உங்கள் படத்தின் வெளிச்சத்தையும் கொன்ட்ராஸ்டையும் தானாக மாற்றிக்கொள்ள ஒரு அனுமதி உண்டு. மெனுவின் பெயரும் இடமும் அடிக்கடி மாறும், ஆனால் விளம்பரம் செய்யும் பக்கத்தில் படத்துக்குக் கிட்டவே இருக்கும். நான் எப்போதும் அணைத்துவிடுவேன். நான் அரை மணித்தியாலம் பார்த்துப் பார்த்து வைத்த கறுப்பை ஒரு இயந்திரம் வந்து சாம்பலாக்குவதை எனக்குப் பொறுக்க முடியாது.

அளவையும் ஒருமுறை பாருங்கள்: சதுரப் படத்துக்கு 1080க்கு 1080, உயரமான படத்துக்கு 1080க்கு 1350, ஸ்டோரிக்கு 1080க்கு 1920 பிக்சல்.

## படம் முழுக்க இருட்டு, ஆள் முகம் தெரியவில்லை

பின்னால் வெளிச்சம் இருந்திருக்கும். கடைவாசலை முதுகுக்குப் பின்னால் வைத்து முதலாளியை நிறுத்தி எடுத்த படங்கள்தான் இதில் அதிகம். மூலப் படத்தில் ஷாடோஸை, அதாவது நிழல் பகுதிகளை வெளிச்சமாக்குகிற ஸ்லைடரை மட்டும் 30, 40 வரை ஏற்றிப் பாருங்கள். முகம் மணல் கொட்டினமாதிரி இல்லாமல் வந்தால் அதுவே போதும். பிரைட்னஸை ஏற்றினால் முகத்தோடு வாசலும் சேர்ந்து வெளுக்கும். மணல் மணலாக வந்தால் திரும்ப எடுப்பதுதான் வழி, ஆளை வாசலைப் பார்க்கத் திருப்பினால் ஐந்து நிமிட வேலை.

கடற்கரை விடுதிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எழுவான்கரை என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது: நமது பக்கம் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ காலையில் கடலைப் பின்னால் வைத்து ஆளையோ கதிரைகளையோ எடுத்தால் நேரே வெயிலுக்கு எதிரே எடுக்கிறீர்கள். கடல் வெள்ளித் தகடாகும், ஆள் நிழலாகும். அதே இடத்தில் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு நின்று பாருங்கள். சூரியன் படுவான் பக்கம் சாய்ந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், கடல் நீலமாகவே வரும். வெயிலுக்கு எதிரே எடுத்த படங்களை ஸ்னாப்சீட் என்ற போன் செயலியில் மணிக்கணக்காகத் திருத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

அறையின் உள்ளும் ஜன்னலுக்கு வெளியே கடலும் ஒரே படத்தில் தெளிவாக வேண்டுமென்றால் படப்பிடிப்பாளரைக் கூப்பிடுங்கள். ஸ்டாண்டில் கமராவை வைத்து வெவ்வேறு வெளிச்சத்தில் சில படங்கள் எடுத்து ஒன்றாக்குவார். போனில் அந்தச் சுத்தம் வராது.

## கறுப்புச் சாமான் ஒரே கட்டியாய்த் தெரிகிறது

காத்தான்குடியிலிருந்து ஒரு நானா வந்தார். தான் போட்ட விளம்பரத்தை என்னிடமே நீட்டிக் கேட்டார்: "தம்பி, இது அபாயாவா, குப்பை கட்டுற கறுப்புப் பையா?" சிரிப்பு வந்தாலும் கேள்வி சரியானது. நிடாத் துணி, அபாயாவின் கைப்பகுதியில் கறுப்பு நூலால் கறுப்பிலேயே பூவேலை. அந்த வேலைக்குத்தான் விலை. படத்தில் அந்தப் பூ ஒன்றுகூட இல்லை. வெள்ளைச் சுவரில் தொங்கவிட்டு எடுத்திருந்தார்கள், போன் சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிட்டது. பிறகு யாரோ "தெளிவா வரட்டும்" என்று கொன்ட்ராஸ்டை வேறு ஏற்றியிருக்கிறார்கள்.

முதல் சோதனை: பூ படத்துக்குள் இருக்கிறதா, இல்லவே இல்லையா? ஸ்னாப்சீட்டில் ஷாடோஸைச் சும்மா ஒரு சோதனைக்காக முழுவதும் ஏற்றுங்கள். அசிங்கமாக வந்தாலும் பரவாயில்லை, பூவின் கோடு தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். போட்டோஷொப் என்றால், படத்தின் வெளிச்சப் பரவலை மலை மாதிரி வரைந்து காட்டுகிற லெவல்ஸ் கருவியைத் திறந்து, ஓல்ட் விசையை அழுத்திக்கொண்டு இடது முனையிலுள்ள கறுப்பு முக்கோணத்தைத் தொடுங்கள். திரை வெள்ளையாகி, தகவல் செத்த இடங்கள் மட்டும் கறையாகத் தெரியும். கைப்பகுதி முழுக்கக் கறையென்றால் அங்கே முழுக் கறுப்பைக் குறிக்கிற 0 என்ற எண்ணைத் தவிர ஒன்றுமில்லை. எந்த மென்பொருளும் அதிலிருந்து பூவை எடுத்துத் தராது.

பூ இருக்கிறது என்றால் கொன்ட்ராஸ்ட் ஸ்லைடர் பக்கமே போகாதீர்கள். அது இருட்டை இன்னும் இருட்டாக்கி வெளிச்சத்தை இன்னும் வெளிச்சமாக்குகிற ஸ்லைடர். நமக்குத் தேவையான வேலைப்பாடு முழுக்க இருட்டுப் பக்கம்தான் கிடக்கிறது. ஷாடோஸை 30 அளவில் வையுங்கள். பிறகு, வெளிச்சத்தை ஒரு கோட்டால் கூட்டிக் குறைக்கிற கேர்வ்ஸ் கருவியைத் திறந்து, இடது கீழ் மூலையிலுள்ள புள்ளியை அசைக்காமல், கோட்டின் கீழ்க் கால்பகுதியில் ஒரு புள்ளி வைத்துச் சற்று மேலே தூக்குங்கள். மூலை அசையாததால் துணி கறுப்பாகவே இருக்கும், பூ மட்டும் மேலே வரும். கடைசியாக ஸ்னாப்சீட்டின் 'செலெக்டிவ்' கருவியால் கைப்பகுதியில் ஒரு புள்ளி வைத்து, இரண்டு விரலால் வட்டத்தைச் சுருக்கி, பிரைட்னஸ் 15, ஸ்ட்ரக்சர் 20. நானாவின் மூலப் படத்தில் எனக்கு வேலை செய்த எண்கள் இவை. உங்கள் படத்தில் கொஞ்சம் கூடும், குறையும்.

நேரெதிர்க் கோளாறும் உண்டு. அபாயா படத்தை முழுவதும் நிரப்பியிருந்தால் போன் "இடம் இருட்டு" என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும், கறுப்புத் துணி பழைய குடைத் துணி மாதிரி சாம்பலாகும். அதற்கு லெவல்ஸில் கறுப்பு முக்கோணத்தை மலை தொடங்கும் இடம்வரை கொண்டுவந்தால் போதும். இங்கே கொன்ட்ராஸ்டும் கொஞ்சம் உதவும். இரண்டு கோளாறையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒருவருக்குப் பலித்த வைத்தியம் மற்றவருக்குப் பலிப்பதில்லை.

திரும்ப எடுப்பதாக இருந்தால் வெள்ளைச் சுவரை விட்டுச் சந்தன நிறமோ சாம்பலோ உள்ள சுவரைத் தேடுங்கள். ஜன்னல் வெளிச்சம் துணிக்குப் பக்கவாட்டில் விழவேண்டும். பூவின் மேடு தன் நிழலால்தான் தெரியும், நேரே விழுகிற வெளிச்சம் அந்த நிழலைத் தின்றுவிடும். பிளாஷ் வேண்டவே வேண்டாம். துணியின் மேல் விரலால் தொட்டு, பக்கத்தில் வருகிற சூரிய அடையாளத்தைச் சற்றுக் கீழே இழுத்து எடுங்கள். கல் பதித்த, மினுங்குகிற உடுப்புகளுக்கும், முப்பது நாற்பது உருப்படி ஒரே வெளிச்சத்தில் வேண்டுமென்றாலும் மென்விளக்கு வைத்திருக்கிற படப்பிடிப்பாளரை அரைநாள் கூப்பிடுங்கள். ஒவ்வொன்றாய் என்னிடம் திருத்தக் கொடுப்பதைவிட அது மலிவு. எனக்கு நட்டமென்றாலும் சொல்லத்தான் வேண்டும்.

## வெள்ளைச் சாமான் வெளுத்துவிட்டது, அல்லது சாம்பலாகிவிட்டது

தயிர்ச் சட்டி இதற்கு நல்ல பாடம். சட்டி கடும் மண் நிறம், தயிர் வெள்ளை. போன் சட்டியைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்ட, தயிரின் மேலிருந்த ஆடையும் அதன் சுருக்கமும் காணாமல் போகும். படுவான்கரையிலிருந்து வந்த ஆச்சி ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "மனே, இது தயிரா, சுண்ணாம்பா?" என்றார்.

லெவல்ஸில் ஓல்ட் விசையோடு வலது முனையிலுள்ள வெள்ளை முக்கோணத்தைத் தொடுங்கள். கறுப்புத் திரையில் தயிர் முழுக்க வெள்ளைத் திட்டாக மின்னினால் அது முழு வெள்ளையைக் குறிக்கிற 255 இல் முட்டிவிட்டது. பிரகாசமான இடங்களை மட்டும் மாற்றுகிற ஹைலைட்ஸைக் குறைத்தால் ஆடை திரும்பி வராது, சுண்ணாம்பு சிமெந்தாகும், அவ்வளவுதான். தயிரைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துத் திரும்ப எடுங்கள். சட்டி இருண்டு போகும், பயப்படவேண்டாம், ஷாடோஸ் அதை மீட்டுத் தரும். இருண்டதை ஓரளவு மீட்கலாம், முட்டியதை மீட்கவே முடியாது.

வெள்ளைச் சாரனோ பாடசாலைச் சீருடையோ படத்தை நிரப்பினால் இது தலைகீழாகும், துணி அழுக்குச் சாம்பலாக வரும். வெள்ளை முக்கோணத்தை மலையின் விளிம்புவரை கொண்டுவாருங்கள். துணியின் பிரகாசமான இடம் 240, 245 அளவில் நிற்கட்டும். பின்புலத்தையும் வெள்ளையாக்காதீர்கள். பேஸ்புக்கின் வெள்ளைப் பக்கத்தில் வெள்ளைப் பின்புலத்தில் வெள்ளைத் துணி போட்டால், விலை மட்டும்தான் காற்றில் மிதக்கும்.

## வெளிச்சம் சரி, நிறம் மாறிவிட்டது

கொன்ட்ராஸ்டை ஏற்றும்போது நிறத்தின் அடர்த்தியும் கூடவே ஏறும். கைத்தறிச் சாறியின் மயில்கழுத்து நிறம் கடையில் பச்சை, படத்தில் நீலம் என்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவது இதனாலும் நடக்கும். ஸ்னாப்சீட்டில் கொன்ட்ராஸ்டை ஏற்றிய அளவுக்கு சற்சுரேஷனைக் கொஞ்சம் இறக்குங்கள். போட்டோஷொப்பில் கேர்வ்ஸ் லேயரின் பிளென்ட் மோடை 'லூமினோசிட்டி' ஆக்கினால் நிறம் அசையாது.

அதிலும் தீராவிட்டால் ரியூப் லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் கலந்திருக்கும், அல்லது பச்சைச் சுவரின் நிறம் துணியில் விழுந்திருக்கும். விளக்கை அணைத்து, சாறியோடு ஒரு வெள்ளைத் தாளையும் வைத்து முதல் படத்தை எடுங்கள், வைட் பலன்ஸ் கருவியை அந்தத் தாளில் தொட்டுவிடுங்கள். மாரி காலத்து மப்பு வானம் இந்த வேலைக்கு வாய்த்த வெளிச்சம், வாசலில் வைத்தே எடுக்கலாம். அப்படியும் சில நிறங்கள் போன் திரையில் சரியாக வராது. அதற்கு ஸ்லைடரோடு மல்லுக்கட்டாமல் பதிவிலேயே 'பச்சை கலந்த நீலம்' என்று எழுதிவிடுங்கள்.

## படத்தில் குறுக்குக் கோடுகள்

எல்ஈடி விளக்கின் துடிப்பு. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே விளக்கு செக்கனுக்கு 100 தடவை துடிக்கும். போனின் புரோ மோடில் ஷட்டரை 1/100 அல்லது 1/50 இல் வையுங்கள். அதுவும் சரிவராவிட்டால் விளக்கை மாற்றுங்கள். எடுத்துமுடித்த படத்தில் கோட்டை அழிக்க முயலவேண்டாம்.

## படம் நன்று, எழுத்து வாசிக்க முடியவில்லை

போனைக் கை நீட்டத்துக்குப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். விலை மறைந்தால் எழுத்துக்கும் பின்புலத்துக்கும் வெளிச்ச வித்தியாசம் போதாது. இணையத்தில் வாசிக்கத்தக்க எழுத்துக்குக் கேட்கப்படுகிற குறைந்த விகிதம் 4.5க்கு 1. நமது ஊரில் பெரும்பாலானோர் விரும்பிக் கேட்கிற நீலத்தில் சிவப்பு எழுத்து 2.15 தான் வரும். மஞ்சளில் வெள்ளை 1.07, அதாவது இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். கறுப்பில் மஞ்சள் 19ஐத் தாண்டும். பஸ் போர்டு எழுதியவர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

எழுத்தின் நிறத்தை மாற்றுவதே முதல் வேலை. படம் எழுத்தோடு சண்டை பிடித்தால், எழுத்துக்குக் கீழே மட்டும் 40 சதவீதக் கறுப்புப் பட்டை ஒன்று போடுங்கள். அதற்காக முழுப் படத்தையும் இருட்டாக்கினால் சாமானை மறைத்து விலையைக் காட்டினமாதிரி ஆகும். சிவப்பு எழுத்தின் ஓரம் மட்டும் கசங்கித் தெரிந்தால் அது ஜேபெக் சுருக்கத்தின் வேலை. பீஎன்ஜி ஆகச் சேமித்து ஏற்றுங்கள், எழுத்தையும் தடிப்பாக்குங்கள். ஸ்டோரியில் மேலே 14 சதவீதமும் கீழே 20 சதவீதமும் எழுத்தில்லாமல் விடுங்கள், பக்கப் பெயரும் பொத்தானும் அங்கேதான் வந்து குந்தும்.

படத்தில் எழுத்து 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பேஸ்புக் விடாது என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டுப்பாடு 2020 இலேயே எடுபட்டுவிட்டது. என்றாலும் போன் இலக்கம் நான்கு, கிளை மூன்று, 'முந்துங்கள்' இரண்டு என்று நிரப்புவதற்கு அது அனுமதியல்ல.

## விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது, பிழை இப்போதுதான் கண்ணில் பட்டது

அவசரப்பட்டுப் படத்தை மாற்றாதீர்கள். ஓடுகிற விளம்பரத்தில் படத்தை மாற்றினால் அது மறுபடி பரிசீலனைக்குப் போகும், யாருக்குக் காட்டுவது என்று மெட்டா பழகிக்கொள்கிற காலமும் திரும்பத் தொடங்கும். அந்தப் பழக்கம் நிலைபெற ஒரு வாரத்தில் ஏறத்தாழ 50 பலன்கள் (விளம்பரத்தின் நோக்கமான மெசேஜ் போன்றவை) வேண்டும். நமது சின்னக் கடைகளின் பட்ஜெட்டில் அது லேசில் வருவதல்ல. இன்று பிரைட்னஸ், நாளை எழுத்து, நாளை மறுநாள் விலை என்று தொட்டுக்கொண்டிருந்தால் காசு பழகுவதிலேயே கரையும். எல்லாத் திருத்தத்தையும் சேர்த்து, போன்களில் பார்த்து, ஒரே தடவையில் மாற்றுங்கள்.

பிழை சின்னது, ஆட்கள் கேட்டு எழுதுகிறார்கள் என்றால் முடியும்வரை ஓடவிடுங்கள். சாமானின் நிறமோ விலையோ தப்பாகத் தெரிகிறது என்றால் உடனே நிறுத்துங்கள். காசு கட்டி பூஸ்ட் செய்த பக்கப் பதிவாக இருந்தால் திருத்திய படத்தைப் புதிய பதிவாகவே போடவேண்டும், லைக்கும் கருத்துகளும் பழையதோடு நின்றுவிடும். பழையதை அழிக்குமுன் அதில் "விலை என்ன?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்குப் பதில் எழுதிவிடுங்கள்.